நகர வடிவமைப்பில் கலைஞர் எந்தக் கட்டத்தில் உள்ளே வரவேண்டும்?

நகர்நிலம் (இழையைத் தொடங்கியவர்)

நிலத்தோற்ற வடிவமைப்பில் பணிபுரியும் எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருக்கும் ஒரு நடைமுறையை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன். நகரத்துக்குள் ஓர் ஓடையையோ குளக்கரையையோ மீட்டெடுக்கும் திட்டம் வந்தால், நீரியல் பொறியாளர் முதலில் அகலத்தையும் சரிவையும் முடிவு செய்கிறார். அடுத்து, நடவேண்டிய செடிகளின் பட்டியல் சூழலியலாளரிடம் கேட்டு வாங்கப்படுகிறது. கட்டுமானம் ஏறத்தாழ முடிந்து திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பிறகுதான், மிஞ்சிய பணத்தில் ஒரு சுவரோவியம் வரையவோ சிற்பம் நிறுத்தவோ கலைஞரைத் தேடுகிறார்கள். பல பசுமைத் திட்டங்கள் சில ஆண்டுகளிலேயே சீரழிந்துபோவதற்கு இந்த வரிசையும் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

உயிரினங்களுக்கு நல்லதாக இருக்கும் நிலம் பெரும்பாலும் மனிதக் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிவதில்லை. காய்ந்து நிற்கும் தண்டுகளுக்குள் பூச்சிகளின் முட்டைகளும் கூட்டுப்புழுக்களும் இருக்கின்றன. விழுந்து மட்கும் மரத்தில் பூஞ்சைகளும் வண்டுகளும் வாழ்கின்றன. இடுப்பளவு வளர்ந்த புல்லில் பறவைகள் கூடு கட்டுகின்றன. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களோ அதைக் கவனிப்பாரற்ற புதர் என்றே நினைக்கிறார்கள். புகார் எழுகிறது, ஆட்கள் வருகிறார்கள், எல்லாம் ஒரே நாளில் வெட்டப்படுகிறது. நிலத்தோற்றச் சூழலியலாளர் ஜோன் நசாவர் 1995இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு ஒரு வழியைச் சொன்னார்: ஒழுங்கற்றதாகத் தெரியும் வாழிடத்தை ஒழுங்கான ஒரு சட்டகத்துக்குள் வைக்க வேண்டும். சீராக வெட்டிய புல்வரிசை, செப்பமான வேலி, தெளிவான நடைபாதை, பராமரிக்கப்பட்ட இருக்கை ஆகியவை அங்கே இருந்தால், அந்தப் புல் வேண்டுமென்றே விடப்பட்டது, யாரோ அதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைக் காண்பவர் உடனே புரிந்துகொள்வார்.

சீனாவின் சின்ஹுவாங்தாவ் நகரில் தாங்ஹே ஆற்றங்கரையில் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் கொங்ஜியான் யுவும் அவருடைய குழுவினரும் செய்தது இதற்கு மிகச் சிறந்த சான்று. குப்பை கொட்டும் இடமாக மாறியிருந்தாலும் அடர்ந்த இயல்பான தாவரங்களைக் கொண்டிருந்த கரை அது. வழக்கமான திட்டமாக இருந்திருந்தால் அவற்றை அழித்துக் கல் பதித்துப் பூப்பாத்தி அமைத்திருப்பார்கள். அவர்கள் தாவரங்களை அப்படியே விட்டுவிட்டு, ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குச் சிவப்பு நிறக் கண்ணாடியிழை நாடா ஒன்றை அந்தப் பசுமைக்குள் வளைத்து ஓடவிட்டார்கள். அதுவே இருக்கை, இரவில் உள்ளிருந்து ஒளிரும் விளக்கும் அதுவே. அந்த ஒரே பொருளால் முழுக் கரையும் வடிவமைக்கப்பட்ட இடமாகத் தெரிகிறது, செடிகளும் பிழைத்துக்கொண்டன. இந்த நாடாவைக் கடைசி மாதத்தில் கொண்டுவந்து சேர்த்திருக்க முடியாது, ஏனெனில் எதை வெட்டக் கூடாது என்ற முடிவே அதிலிருந்துதான் வந்தது.

கலைஞரை எந்தக் கட்டத்தில் அழைக்க வேண்டும், அவரிடம் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதே என் கேள்வி. துறை அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

நீர்த்தடம்

நோக்கத்தில் எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் வரிசையை மாற்றுவதற்கு முன், நீரியல் ஏன் முதலிடத்தில் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தாரும் கான்கிரீட்டும் மூடிய நிலத்தில் மழை ஊறுவதில்லை. பெய்யும் பெருமழையின் பெரும்பகுதி சில நிமிடங்களில் வடிகாலை வந்தடைகிறது. அந்த உச்ச அளவைத் தாங்காத ஓடை எவ்வளவு அழகாக இருந்தாலும் கரையோரத்தில் வாழ்பவர்களுக்கு ஆபத்துதான்.

அழகை முன்னிறுத்தினால் எங்கே போய் நிற்போம் என்பதற்குச் சியோல் நகரின் சோங்கேசோன் ஓடையைச் சொல்லலாம். 2003 முதல் 2005 வரை, ஓடையை மூடியிருந்த சாலையையும் அதற்கு மேலிருந்த உயர்த்தப்பட்ட விரைவுச் சாலையையும் அகற்றி 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு அதைத் திறந்தார்கள். மக்கள் அதை நேசிக்கிறார்கள். கோடையில் அக்கம்பக்கச் சாலைகளைவிட அங்கே வெப்பம் குறைவு என்பது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. வெள்ளத் தாங்குதிறனும் கவனமாகவே கணக்கிடப்பட்டது. ஆயினும் அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து நாள்தோறும் இறைத்து விடப்படுகிறது. ஏறத்தாழ 1,20,000 டன். மின்விசை நின்றால் ஓடையும் நின்றுவிடும். மேல்நிலத்தில் மழை ஊறுவதற்கும் கிளையோடைகளை மீட்பதற்கும் முதலில் வழிசெய்திருந்தால் இந்தச் சார்பு குறைந்திருக்கும்.

மாறாக, சிங்கப்பூரின் பீஷான்–ஆங் மோ கியோ பூங்காவைப் பாருங்கள். நேர்கோட்டில் 2.7 கிலோமீட்டர் ஓடிய கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து செல்லும் ஆறாகப் பூங்காவின் நடுவே மாற்றினார்கள். 2012இல் பணி முடிந்தது. பெருமழையில் ஆறு பூங்காவுக்குள் ஏறத்தாழ 100 மீட்டர் அகலம் வரை விரிந்து, பின்னர் வடிகிறது. இதைச் செய்வதற்கு முன், செடியின் வேர்களையும் கற்களையும் கொண்டு கரையை நிலைநிறுத்தும் உத்திகள் பத்தினை அதே பூங்காவின் ஒரு சிறு வடிகாலில் வைத்துச் சோதித்தார்கள். நீர்மட்டம் உயர்ந்தால் எச்சரிக்கும் உணரிகளும் ஒலிபெருக்கிகளும் பொருத்தினார்கள். இன்று அங்கே குழந்தைகள் ஆற்றில் இறங்கி விளையாடுகிறார்கள் என்றால், அந்தச் சோதனையும் கணக்கும்தான் அதற்கு அனுமதி அளித்தன.

வண்ணக்கோல்

நீர்த்தடம் அவர்கள் சொல்வதில் மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் இருவருமே கலைஞரை ஒரு வடிவத்தைத் தருபவராக மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். கலைஞரால் ஒரு கேள்வியையும் கொண்டுவர முடியும்.

மெல் சின் என்ற சிற்பக் கலைஞர், சில செடிகள் மண்ணிலிருந்து கன உலோகங்களை உறிஞ்சித் தம் இலைகளிலும் தண்டுகளிலும் சேர்த்துக்கொள்கின்றன என்பதை அறிந்து, அமெரிக்க வேளாண் துறையின் மண் விஞ்ஞானி ரூஃபஸ் சேனியைத் தேடிப்போனார். சேனி அந்தக் கருத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே முன்வைத்திருந்தும், அதைத் திறந்த நிலத்தில் சோதித்துப் பார்க்க அவருக்கு வாய்ப்பு அமையவில்லை. 1991இல் மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், காட்மியம் கலந்த ஒரு பழைய குப்பைமேட்டில் இருவரும் சேர்ந்து ஒரு தோட்டம் அமைத்தார்கள். சதுரத்துக்குள் ஒரு வட்டம். அந்த வட்டத்தை இரு பாதைகள் குறுக்காக வெட்டிச் செல்லும். வட்டத்துக்குள் செடிகள் நடப்பட்டன. வெளியே எஞ்சிய நிலம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நடாமல் விடப்பட்டது. அறிவியல் சோதனைக்கு வேண்டிய ஒப்பீட்டு நிலமும் கலைஞரின் வரைவடிவமும் இங்கே ஒரே கோட்டால் பிரிக்கப்பட்டன. மூன்று ஆண்டு முடிவில், ஒரு கடுகினச் செடி காட்மியத்தையும் துத்தநாகத்தையும் மிகுதியாக இழுத்திருந்தது ஆய்வில் தெரிந்தது.

இந்தப் பணிக்குப் பரிந்துரைக்கப்பட்ட உதவித்தொகையை, இதைக் கலை என்று ஏற்க முடியாதெனக் கருதி, அமெரிக்கத் தேசியக் கலை நிதியத்தின் தலைவர் முதலில் தடுத்துவிட்டார். கலைஞர் நேரில் விளக்கிய பிறகே அது வழங்கப்பட்டது. மண்ணில் மறைந்திருக்கும் நஞ்சை வெளியே எடுப்பதும் செதுக்கும் வேலைதான், உளிக்குப் பதில் வேர் என்பதுதான் வேறுபாடு என்று மெல் சின் கருதினார். எனக்கும் அது முழுவதும் ஏற்புடைய எண்ணம். திட்டத்தின் முதல் கூட்டத்தில் ஒரு கலைஞர் இருந்தால் இத்தகைய கேள்வி எழுவதற்கு இடம் இருக்கிறது.

பறவைக்கணக்கு

கலைஞர் முதல் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன், ஆனால் வேறொரு காரணத்துக்காக. பிந்தி வந்து சேரும் கலைப்படைப்பு உயிரினங்களுக்குத் தீங்காகவும் அமையக்கூடும், அப்போது அதைத் திருத்துவது கடினம்.

நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களின் நினைவாக, ஆண்டுதோறும் அந்த நாளின் இரவில் 88 ஒளிவிளக்குகள் இரு ஒளித்தூண்களை வானில் எழுப்புகின்றன. மக்களின் துயரத்தை மிகுந்த கண்ணியத்துடன் சுமக்கும் படைப்பு அது. ஆனால் அந்த இரவு, இரவில் பறந்து வலசை செல்லும் சிறு பறவைகளின் காலத்தில் வருகிறது. ரேடார் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு, ஏழு ஆண்டுகளின் ஏழு இரவுகளில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சம் பறவைகள் அந்த ஒளியால் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டது. அவை ஒளிக்குள் திரண்டு, வழிமாறிச் சுற்றிச் சுற்றிப் பறந்து, உடலில் சேர்த்த கொழுப்பை இழக்கின்றன. விளக்கை அணைத்தால் சில நிமிடங்களில் கலைந்து தம் வழியே போய்விடுகின்றன என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அதனால் ஆர்வலர்கள் இரவு முழுவதும் அங்கே நின்று எண்ணுகிறார்கள். ஒளிக்குள் பறவைகள் ஆயிரத்தைத் தாண்டினால் விளக்குகள் சுமார் 20 நிமிடங்கள் அணைக்கப்படுகின்றன. நினைவேந்தலும் தொடர்கிறது, பறவைகளும் தப்புகின்றன. இந்த உடன்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இன்னொரு சான்றும் அதே நகரில் இருக்கிறது. ஜாவிட்ஸ் மையம் என்ற பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் பறவைகள் மோதி இறப்பது வழக்கமாக இருந்தது. புதுப்பிப்பின்போது பளபளப்பான கண்ணாடிகளை எடுத்துவிட்டு, நுண்புள்ளிகள் பதித்த, எதிரொளிப்புக் குறைந்த கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். மோதல் இறப்புகள் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தன. புள்ளிகளோ கோடுகளோ நெருக்கமாக, கண்ணாடியின் வெளிப்புறத்தில் இருந்தால் பறவை அந்த இடைவெளிக்குள் நுழைய முயல்வதில்லை. ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இந்த வரம்புக்குள் எந்த உருவத்தை வரைவது என்பதை முழுக்கக் கலைஞரிடம் விடலாம். எல்லாக் கட்டடங்களுக்கும் ஒரே சாம்பல் நிறப் புள்ளியை ஒட்டிவைப்பது நல்ல வாய்ப்பை வீணாக்குவதாகும்.

மண்புழு

நட்ட செடிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவன் நான். இதுவரை வந்த பதிவுகள் எல்லாம் திறப்பு விழா வரைக்கும் சரியாகப் பேசுகின்றன. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதையும் பேசியாக வேண்டும்.

ஸ்டெஃபானோ போயரியின் வடிவமைப்பில் மிலான் நகரில் 2014இல் கட்டி முடிக்கப்பட்ட இரு கோபுரக் குடியிருப்புகளின் மாடங்களில் ஏறத்தாழ 800 மரங்கள் நிற்கின்றன. அந்த மரங்கள் காற்றில் எப்படி ஆடும் என்பதைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார்கள், வேர்க்கட்டியை இரும்புப் பட்டைகளால் பிணைத்தார்கள். இவையெல்லாம் நல்ல பொறியியல். ஆனால் அது நிலைப்பதற்குக் காரணம் வேறு: மாடத்துச் செடிகளைக் குடியிருப்போர் விருப்பம்போல மாற்ற முடியாது, கட்டடத்தின் பொது நிதியிலிருந்து பயிற்சி பெற்ற தோட்டக்காரர்கள் கயிற்றில் தொங்கி இறங்கிக் கவாத்து செய்கிறார்கள். அந்த ஏற்பாடு இல்லாமல் தோற்றத்தை மட்டும் பின்பற்றிக் கட்டப்படும் பசுமைச் சுவர்களின் கதியை நான் பார்த்திருக்கிறேன். சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் சில நாள்களில் முழுச் சுவரும் கருகிவிடுகிறது. ஒரு சுவரை மண்ணில்லாமல் பச்சையாக வைத்திருப்பதற்குத் தேவைப்படும் பம்பும் உரமும் ஆள்கூலியும் வரைபடத்தில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை.

எதிர்ப்பக்கத்தில், சூரிச் நகரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று. 1914இல் அதன் கான்கிரீட் கூரைகளின் மேல், நீர்த் தொட்டிகள் சூடாகாமல் இருப்பதற்காக, அக்கம்பக்கத்து வயல் மண்ணைப் பரப்பினார்கள். அந்த மண்ணிலேயே இருந்த விதைகள் முளைத்தன. இன்று அங்கே 175 வகைத் தாவரங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்பது ஆர்க்கிட் இனங்கள். சுற்றுவட்டாரத்தில் மறைந்துபோன சில செடிகளுக்கு அந்தக் கூரையே புகலிடம். ஆண்டுக்கு ஓரிரு முறை புல்லறுப்பதற்கு மேல் பெரிய கவனிப்பு இல்லை. பாசல் நகரம் இந்தப் பாடத்தைச் சரியாக எடுத்துக்கொண்டது. அங்கே 2002 முதல் புதிய தட்டையான கூரைகள் பசுமைக் கூரைகளாக இருக்க வேண்டும் என்பது விதி. வண்டுகளையும் சிலந்திகளையும் பற்றிய ஆய்வுகளின் அடிப்படையில், ஒரே தடிமனில் மண்ணைப் பரப்பாமல் மேடும் பள்ளமுமாக, அந்த வட்டாரத்து மண்ணையே இட வழிகாட்டப்படுகிறது.

பராமரிப்பையே கலையாக எடுத்துக்கொண்டவர் மியர்ல் லேடர்மன் யூக்லெஸ். 1977 முதல் நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையில் ஊதியமில்லாத கலைஞராக இருந்து, 1979–80இல் ஏறத்தாழ 8,500 துப்புரவுப் பணியாளர்களை ஒருவர் விடாமல் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். கைகுலுக்கினால் ஓடை சுத்தமாகிவிடுமா என்று சிலர் கேட்கலாம். ஒரு நகரம் யாருடைய கைகளால் நிற்கிறது என்பதை அந்த நகரமே பார்க்கும்படி செய்தார் என்பதே என் விடை. என் தொழிலில் இருக்கும் எவருக்கும் அதன் மதிப்பு தெரியும்.

சதுரஅடி

நிதி ஒப்புதல் தரும் மேசையிலிருந்து ஒரு கேள்வி. வெள்ளத் தாங்குதிறனைக் கன மீட்டரில் காட்டலாம், செடியினங்களை எண்ணலாம். கலைக்கு ஒதுக்கிய தொகையால் என்ன விளைந்தது என்பதை எப்படிக் காட்டுவது? இன்னொன்று: இயற்கையைப் பின்பற்றியது என்ற அழகான விளக்கத்துடன் வரும் திட்டங்களில் எது அறிவியல், எது விளம்பரம் என்று பிரித்தறிய எங்களுக்கு ஒரு வழி வேண்டும்.

நகர்நிலம்

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது இந்தத் துறையின் மெய்யான பலவீனத்தைத் தொடுகிறது. ஹராரே நகரில் 1996இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் கட்டடம், கறையான் புற்றின் காற்றோட்டத்தைப் பின்பற்றியது என்று உலகெங்கும் சொல்லப்படுகிறது. கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் பின்பற்றியது, புற்றுக்குள் சூடான காற்று மேலெழுந்து வெளியேறுகிறது என்ற அக்காலப் புரிதலை. பின்னர் புற்றுகளை நேரடியாக அளந்து பார்த்த ஆய்வாளர்கள், அவை அந்த முறையில் இயங்கவில்லை, வெளிக்காற்றின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப நுரையீரலைப் போல வாயுக்களைப் பரிமாறுகின்றன என்று கண்டார்கள். இருந்தும் கட்டடம் நன்றாகவே இயங்குகிறது: இரவின் குளிர்ந்த காற்றை விசிறிகள் உள்ளே இழுக்கின்றன, தடித்த கான்கிரீட் அந்தக் குளிர்ச்சியைப் பகலுக்குச் சேமித்து வைக்கிறது. உவமை ஒரு வடிவமைப்பாளரின் சிந்தனையைத் தூண்டலாம், அது பயனுள்ள வேலை. ஒப்புதல் தருபவர் கேட்க வேண்டியது உவமையை அன்று, வெப்பநிலைப் பதிவை. அந்தப் பதிவைக் காட்ட முடியாத திட்டத்துக்கு எவ்வளவு அழகான கதை இருந்தாலும் நிதி தராதீர்கள்.

முதல் கேள்விக்கு, வடிவமே அளவிடப்படும் பொருளாக இருக்கும் திட்டங்கள் நல்ல விடை தருகின்றன. சிட்னி துறைமுகத்தின் தட்டையான கடற்சுவர்களில் 2018 முதல் பொருத்தப்படும் கான்கிரீட் பலகைகளைச் சொல்வேன். பாறைக் குழிகள், பிளவுகள், அலையாத்தி வேர்கள் ஆகியவற்றின் உருவங்களை வடிவமைப்பாளர்கள் முப்பரிமாண அச்சு முறையின் உதவியால் அச்சுகளாக்கி வார்க்கிறார்கள். அலை வடியும்போது நிழலும் ஈரமும் தங்கும் பள்ளங்களில் சிப்பிகளும் நத்தைகளும் கடற்பாசிகளும் குடியேறுகின்றன. எந்த உருவத்தில் எந்த இனம் தங்குகிறது என்பதைக் கடல் உயிரியலாளர்கள் தொடர்ந்து கணக்கெடுத்து, தட்டையான பரப்புடன் ஒப்பிடுகிறார்கள். கரையில் நடப்பவர்கள் நின்று பார்க்கும் அழகும் அந்தப் பலகைகளுக்கு உண்டு. இங்கே கலைக்கு ஆன செலவு இது, சூழலியலுக்கு ஆன செலவு இது என்று பிரித்து எழுதவே முடியாது. பிரித்து எழுத முடியாத நிலையைத்தான் நாம் நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

தாங்ஹே போன்ற இடங்களில் அளவுகோல் வேறு. அந்த வாழிடம் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் வெட்டப்படாமல் இருக்கிறதா, எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை பேர் அங்கே வருகிறார்கள் ஆகிய மூன்றையும் எந்த நகராட்சியும் தன் சொந்தப் பதிவேடுகளிலிருந்தும் நேரடியான எண்ணிக்கையிலிருந்தும் எடுத்துவிடலாம்.

வண்ணக்கோல்

சதுரஅடி அவர்களின் கேள்விக்கு இன்னொரு விடை. ஜோசஃப் பாய்ஸ் என்ற கலைஞர் 1982இல் ஜெர்மனியின் காசல் நகரில் 7000 மரங்கள் நடும் பணியைத் தொடங்கியபோது, 7000 பசால்ட் கற்களை அருங்காட்சியகத்தின் முன்னால் குவித்துவைத்தார். ஒரு மரம் நடப்பட்டால்தான் ஒரு கல் அங்கிருந்து நகர்ந்து அந்த மரத்தின் அருகில் நிறுத்தப்படும். எவ்வளவு பணி மிச்சம் இருக்கிறது என்பதை நகரத்தார் எவரும் அறிக்கை கேட்காமலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நகரின் நடுவே அவ்வளவு கல் கிடப்பது பலருக்கு எரிச்சலூட்டியது, ஆனால் அந்த எரிச்சலே நடும் வேலையை முன்னே தள்ளியது. பாய்ஸ் 1986இல் மறைந்தார். கடைசி மரம் 1987இல் நடப்பட்டது. மரம் நடுவதாக அறிவித்துவிட்டுக் கணக்கு காட்டாத நிர்வாகங்கள் இன்றும் இருக்கின்றன. முன்னேற்றத்தைப் பொதுவெளியில் மறைக்க முடியாதபடி வைப்பது ஒரு கலைஞர் செய்யக்கூடிய மிகப் பெரிய நிர்வாக உதவி.

நீர்த்தடம்

நடைமுறைக்கு எடுத்துச் செல்லக்கூடிய ஒரு வரிசையை முன்வைக்கிறேன். வடிவமைப்பு தொடங்குமுன் எல்லாப் பருவங்களையும் உள்ளடக்கி ஓராண்டாவது அடிநிலை ஆய்வு நடக்க வேண்டும்: நீர்மட்டம், மண், உயிரினங்கள், மனிதர்கள் அந்த இடத்தைப் பயன்படுத்தும் முறை. கலைஞர் அந்த ஆய்வுக் குழுவுடனேயே களத்துக்கு வரட்டும். அதன் பிறகு வெள்ள அளவு, கரையின் உறுதி, மண்ணிலுள்ள நஞ்சின் அளவு ஆகிய மூன்றும் மாற்ற முடியாத எல்லைகளாக எழுத்தில் தரப்பட வேண்டும். அந்த எல்லைகளுக்குள் எதுவும் பேச்சுக்கு உரியது. பிறகு ஒரு சிறு பகுதியைக் கட்டி, ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டு முழுப் பணிக்குப் போகலாம். பீஷானில் செய்ததும் ஏறத்தாழ இதுதான். இப்படி என்றால் கலைஞர் முதல் நாளிலிருந்து இருப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

பறவைக்கணக்கு

அந்த எல்லைகளுடன் இரவு ஒளியின் அளவையும் நேரத்தையும் நான்காவதாகச் சேர்க்க வேண்டுகிறேன். வலசைக் காலங்களில் விளக்குகளை மங்கச் செய்யவோ அணைக்கவோ வழி இல்லாத எந்த ஒளி அமைப்பையும், அது கலையாக இருந்தாலும் விளம்பரமாக இருந்தாலும், அனுமதிக்கக் கூடாது.

மண்புழு

ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் இரண்டு திருத்தங்கள் போதும். இறுதி வரைபடத்தில் பொறியாளர், சூழலியலாளர், கலைஞர் ஆகியோருடன் அதைப் பராமரிக்கப் போகும் பிரிவின் பொறுப்பாளரும் கையெழுத்திட வேண்டும். தூய்மைப்படுத்தவோ கவாத்து செய்யவோ முடியாத எதையும் அவர் அங்கேயே மறுக்கலாம். அடுத்து, கட்டுமானத் தொகையை ஒதுக்கும் அதே ஆணையில் முதல் ஐந்து ஆண்டுப் பராமரிப்புத் தொகையும் தனித் தலைப்பில் இடம்பெற வேண்டும், அந்த ஐந்து ஆண்டுகளும் கலைஞரும் சூழலியலாளரும் ஆண்டுக்கு ஒருமுறை எங்களுடன் களத்தைச் சுற்றிவர ஊதியத்துடன் கடமைப்பட்டிருக்க வேண்டும். எந்தச் செடி பிழைத்தது, எந்த இருக்கையில் எவரும் உட்காரவில்லை, எந்த வளைவில் மண் அரிக்கிறது என்பதை அவர்கள் எங்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.